கொச்சிக்கு அரை மணி நேரம்

வேலந்தாவளம் சந்தைக்குக் காளை வாங்கப் போன ரத்தினசாமி வெறும் சேதியோடு திரும்பி வந்தார். அது எழுபத்திரண்டாம் வருஷம். கோயமுத்தூரில் பம்புக்கடை வைத்திருக்கும் மச்சான் அப்புசாமி, புதன்கிழமை காலையில் கொச்சிக்கு விமானத்தில் போகிறாராம். தொண்ணூறு மைல், வெறும் அரை மணி நேரம். இவர்கள் ஊரான கொல்லங்கோட்டுக்கு நேர் மேலேதான் பறக்குமாம். தங்கச்சியை அண்ணாந்து பார்க்கச் சொன்னாராம்.

பெண்டாட்டி பூரித்துப்போவாள் என்று நினைத்த மனுஷனுக்கு ஏமாற்றம்தான். கமலாத்தாளின் முகம் தொங்கிப்போயிற்று. உடன்பிறந்தவள் ஊரைத் தாண்டிப் போகிற அண்ணன் அவள் வீட்டில் கை நனைக்காமல் போகக்கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். எத்தனை அவசரமென்றாலும் அப்புசாமி பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு வாய் தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில்தான் போவார்.

"ஏனுங்க, நம்ம ஊட்டைத் தாண்டித்தானுங்க போறாரு? எறங்காமப் போனா என்னங்க அர்த்தம்?"

விமானம் கண்ட இடத்தில் நிற்காது என்று ரத்தினசாமி எடுத்துச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அண்ணன் சாப்பிடாமல் போனால் அடுத்த மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்ணாயிற்றே. ஆனாலும் வீம்பென்று வந்துவிட்டால் கமலாத்தாளை அசைக்க முடியாது.

புதன்கிழமை விடிந்ததும் கோழிக்குழம்பு வைத்தாள், பணியாரம் சுட்டாள். பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டு கூடத்தில் ஓர் இலையும் போட்டாள். இரைச்சல் கேட்டு மாவுக் கையோடு வெளியே ஓடினாள். கையாட்டுவதற்குள் அந்த வெள்ளைப் பொட்டு நெல்லியாம்பதி மலைக்கு மேலே மறைந்துவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இலையை எடுக்கப் போன புருஷனையும் எடுக்க விடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் கசங்கி, தலையெல்லாம் புழுதியாக அப்புசாமி நின்றார். ஊர் திரும்ப எடுத்த விமான டிக்கெட் பையில் அப்படியே இருந்தது.

"மேல இருந்து பாத்தா எது நம்ம ஊருன்னே தெரியல அம்மிணி. தாண்டிட்டமுன்னு தெரிஞ்சப்பவே திரும்பறது பஸ்ஸுலதான்னு முடிவு பண்ணிட்டேன். சோலி முடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன். போறதுக்கு அரை மணி நேரம், உன்ற ஊட்டுக்கு வர அரை நாளு."

கமலாத்தாள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கை கழுவி வந்தவர், கூடத்தில் வாடிச் சுருண்டு கிடந்த இலையைப் பார்த்தார். மாற்றப் போனவளைத் தடுத்து, அதன் முன்னாலேயே உட்கார்ந்தார். அவள் குழம்பைச் சுடவைத்து ஊற்றினாள்.

"புள்ளை கல்யாணத்துக்கு நானு நாலு நாளைக்கு முன்னாலயே வந்தர்றனுங்கண்ணா," என்றாள். "பஸ்லதான்."