இரும்பு போடாத குடுவை

புற ஊதா விளக்கின் கீழ், பரிசோதனைத் தட்டில் அந்தப் புள்ளி தெரிந்தது. தெரியவே கூடாத புள்ளி.

சரண்யாதேவி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பச்சை வெளிச்சத்தில், மிளகு அளவுக்குக் கறுப்பாக அது அங்கேயே இருந்தது. குடுவைக்குள் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். ஆனால் அந்தக் குடுவையில் அவள் இரும்பு போடவில்லை.

இரும்பு இல்லாமல் ஒட்டாது என்றுதான் நூற்று எண்பது பக்க ஆய்வேடு எழுதிக் கொடுத்திருந்தாள். உலகமெங்கும் இந்த வேலைக்குப் பல்லேடியம் என்ற உலோகத்தைப் போடுகிறார்கள். தங்கத்தோடு போட்டி போடுகிற விலை. அதே வேலையைச் சாதாரண இரும்பு உப்பு செய்துவிடும் என்பது அவளுடைய ஐந்து வருடம். நாளை வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு.

எல்லாம் திங்கட்கிழமை ஆரம்பித்தது. ஒரு சேர்மத்தின் வரைபடம் தெளிவாக இல்லை, புதிதாக எடுத்து வரவும் என்று வெளியூர்த் தேர்வாளர் கேட்டிருந்தார். அதற்குச் சேர்மத்தை மறுபடி தயாரிக்க வேண்டும்; கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். ஆனால் குடுவைக்குள் சுற்றிக் கலக்குகிற காந்தத் துண்டை, அவள் வழக்கமாகப் போடும் பீட்டை, காணோம். பாக்கெட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, இரும்பு உப்போடு போட்டாள். வினை நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் நடக்கவில்லை. மாலையில், இரண்டாம் வருட ஆய்வு மாணவன் அருள்பாண்டி கழுவும் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். தொட்டியின் இரும்புக் காலில் ஒட்டிக்கொண்டு இருந்தது பழைய பீட்.

"இந்தாங்கக்கா ஒங்க ராசி பீட்டு. இது இல்லாம டாக்டர் பட்டம் வராதுன்னா, கழுத்துல கயித்துல கோத்துப் போட்டுக்க வேண்டியதுதான?"

அவளும் சிரித்தாள். ஆய்வகத்தில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த பவதாரிணி அக்கா விட்டுப்போனது. வெள்ளை உறையில் கீறல்கள், கீறல்களுக்குள் சாம்பல் கறை. கையில் வாங்கியபோதுதான் அந்தக் கறையைப் பார்த்தாள். பவதாரிணி அக்கா ஐந்து வருடமும் வேலை செய்தது பல்லேடியத்தில்.

புதன் காலை முதல் வேலையாக, இரும்பு போடாமல், அந்தப் பீட்டை மட்டும் போட்டுச் சூடேற்றினாள். நான்கு மணி நேரம். இதோ, புள்ளி. ஒட்டவைத்தது இரும்பு இல்லை, பீட்டின் கீறல்களில் தங்கிவிட்ட பல்லேடியம்.

இரும்பு இல்லாமல் செய்து பார்க்காதவள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை செய்தாள். அன்றைக்குப் பழைய பீட் இன்னொரு குடுவைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் புதியதைப் போட்டாள். வினை நடக்கவில்லை. இரும்புதான் வேலை செய்கிறது என்று அன்று சந்தோஷமாக நோட்டில் எழுதியது அவள் கைதான்.

நெறியாளர் நல்லகாமன் தட்டை வாங்கி ஜன்னல் பக்கம் போய் நின்றார். புள்ளியைச் சுற்றி அவள் பென்சிலால் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தார்.

"கறை போக பீட்ட ஆசிட்ல போட்டு வச்சதே இல்லயாம்மா?"

"அசிட்டோன்ல கழுவுவேன் சார். எல்லாரும் அப்படித்தான் சார்."

"ஆமா. நானும் அப்படித்தான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பேப்பர் ரெண்டு வந்துருச்சு. ஒன் ஜூனியர் பாண்டிமீனா இத வச்சுத்தான் ஃபெல்லோஷிப் வாங்கிருக்கா. தேர்வாளர் மத்தியானமே ரயில் ஏறிட்டாரு. இப்ப என்னைய என்ன செய்யச் சொல்ற?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளிடம் கேட்டார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளைக்கு முடியட்டும்மா. பெறகு பாப்போம்."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது அப்பாவின் போன்.

"தாயி, வேன் சொல்லியாச்சு. பதினெட்டுப் பேரு வாரோம். கல்லுப்பட்டில ஏழு மணிக்குக் கெளம்புனா சரியா இருக்கும்ல?"

"எதுக்குப்பா அம்புட்டுப் பேரு?"

"யாரு வேணும்னாலும் வந்து கேக்கலாம்னு நீதான சொன்ன. ஒங்க செல்லக்கிளி சின்னம்மா நேத்தே சீலைய எடுத்து வச்சுட்டா. தங்கத்துக்கு மேல வெல உள்ளது பாக்குற வேலைய இரும்பே பாக்கும்னு எம்மக கண்டுபிடிச்சிருக்கா. டீக்கடையில ஒரு பய நம்பல தாயி. அவனையும் ஏத்திட்டு வாரேன்."

"அப்பா..."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. பாத்து வாங்க."

மறுநாள் கருத்தரங்கக் கூடத்தில் பின் மூன்று வரிசையும் அவர்கள்தான். அப்பா மொக்கைச்சாமி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், போனை நேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சிம்மக்கல்லில் இறங்கி அவரே வாங்கிவந்த லட்டுப் பெட்டிகள் ஓரத்தில் அடுக்கியிருந்தன. சரண்யா பேசினாள். நாற்பது நிமிடம் எங்கும் தடுமாறவில்லை. திரையில் படம் படமாக மாற்றிக்கொண்டே போனாள். இரும்பு என்ற சொல் வரும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவது தெரிந்தது.

பேசி முடித்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் இடது கை மூடியிருந்தது. காலையில் பீட்டை எடுத்தவள், எங்கேயும் வைக்க மனமில்லாமல் கையிலேயே கொண்டுவந்துவிட்டாள்.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். நல்ல மனிதர், பின்வரிசைக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

"நல்லா பண்ணிருக்கீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. இரும்பே போடாம செஞ்சு பாத்தீங்களா?"

"பாத்துருக்கோம் சார்," என்றார் நல்லகாமன் முந்திக்கொண்டு. "நாலாவது அட்டவணை, மொத வரி. வினை நடக்கல."

தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"அப்படித்தானம்மா?"

நல்லகாமன் தன் பேனாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சின்னம்மா யாரையோ பேசாமல் இருக்கச் சொன்னாள். அப்பா நன்றாகப் படம் பிடிக்க எழுந்து நின்றுவிட்டார். சரண்யாவின் கை வியர்த்திருந்தது. விரல்களுக்கு இடையிலிருந்து பீட் வழுக்கியது. தரையில் விழவில்லை. மேசையின் இரும்புக் கால் அதை இழுத்துக்கொண்டது.

டக்கென்று ஒரு சின்னச் சத்தம். வேறு யாருக்கும் கேட்கவில்லை. தேர்வாளர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.