மூன்றாம் ஜன்னல் மீது ஒரு புகார்

பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். பிறப்புப் பதிவில் பெயர் மாறிப்போனது, தேதி பிசகியது, அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துக் கூடிப்போனது எல்லாம் அவளிடம்தான் வரும். படிவத்தை வாங்கினால் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிப்பாள். அந்தக் கை இதுவரை யாரிடமும் காசுக்காக நீண்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெருமை வெள்ளைத் துணி மாதிரி. உடுத்தியவருக்குக் கறை படுமோ என்ற பயம் போகாது.

அலுவலகத்து மாடிப்படிக்குக் கீழே ஒரு புகார்ப் பெட்டி தொங்கியது. திங்கள்தோறும் அதைத் திறக்க வேண்டும் என்பது விதி. சாவி தலைமை எழுத்தரிடம் இருந்தது. எந்தக் கோப்பு வந்தாலும் "கொஞ்சம் ஆறப்போடுங்க" என்று சொல்லிச் சொல்லி, அவருக்கு ஆறப்போடு என்றே பெயர் வந்துவிட்டது. நல்ல மனிதர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பார். பெட்டியிலிருந்து இதுவரை அவர் எடுத்தவை மிட்டாய்த் தாள்கள், பழைய பேருந்துச் சீட்டுகள், ஒரு தடவை ஒற்றைக் காது வளையம்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு கடிதம் இருந்தது. அதைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்துவிட்டு, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூன்றாம் ஜன்னலில் இருக்கும் அம்மா, என் மகளின் பிறப்புப் பதிவைத் திருத்தக் கேட்டபோது 'கவனிங்க' என்று இரண்டு முறை சொன்னார். நான் தையல்காரன். கவனிக்க எனக்கு வழியில்லை. வழி இருந்தாலும் கவனிக்க மாட்டேன். மகளுக்கு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் திருத்திய சான்றிதழைக் கொடுக்க வேண்டும். தயவுசெய்து விசாரிக்கவும்."

கீழே கையெழுத்தும் முகவரியும் தெளிவாக இருந்தன.

அக்காவுக்குக் காது சூடேறியது. ஆளை நினைவிருந்தது. போன வியாழக்கிழமை, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றவர். அவருடைய படிவத்தில் ஒன்பதாம் கட்டம் தப்பு. "இதைக் கொஞ்சம் கவனிங்க" என்றாள். அவர் விழித்தார். "கவனிங்க" என்று மறுபடியும் சொன்னாள். அவர் படிவத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் விரல் ஒன்பதாம் கட்டத்தின் மேல் இருந்தது. அந்தப் பக்கம் நின்றவருக்குப் பலகை மறைத்திருக்கும். அவருக்குத் தெரிந்தது அவள் முகமும் அந்த ஒரு சொல்லும்தான்.

"அக்கா, இன்னும் பதிவேட்டுல ஏத்தல," என்றார் ஆறப்போடு மெதுவாக. "நம்பர் போடாத தாள் வெறும் தாள்தான். காத்துல பறந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க."

"எந்தக் காத்து சார்? இங்க ஃபேனே சுத்த மாட்டேங்குது."

"விளையாடாதீங்க. விசாரணைன்னு வந்தா ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். கெட்டவன் வந்து கேட்டிருந்தால் முகத்தில் அடித்த மாதிரி மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். பிரியமாக நீட்டப்பட்ட தப்பைத் தள்ளுவதற்குத்தான் பலம் வேண்டியிருக்கிறது. அவள் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள்.

"நான் கேக்கலைன்னு எனக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரியாதே. இந்தத் தாளைத் தொலைச்சோம்னா அவரு நினைச்சதே நிஜமாயிடும். நம்பர் போடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குப் போட்டுக்கலாம்..."

"இப்பவே போடுங்க. நான் நிக்கறேன்."

புகார்ப் பதிவேடு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. தூசி தட்டித் திறந்தார். முதல் பக்கமே வெள்ளையாக இருந்தது. அவர் பேனா எழுதவில்லை. அக்கா தன் பேனாவைக் கொடுத்தாள். அவள் மேல் வந்த புகார், அவள் பேனாவாலேயே ஒன்றாம் எண்ணாக ஏறி, விதிப்படி மேல் அலுவலகத்துக்கும் போனது.

செய்தி மதியத்துக்குள் பரவிவிட்டது. இரண்டாம் ஜன்னல்காரன் வாய் சும்மா இருக்காது. டீ வந்தபோது, "அக்கா, என் டம்ளரையும் கொஞ்சம் கவனிங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு குழாயடிக்குப் போய் முகத்தை நெடுநேரம் கழுவிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அவள் சொன்னதைக் கேட்டு, பேருந்து ஓட்டுநரான கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆபீஸ் பேனா மூடியக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவ நீ. உன்மேல புகாரா? அப்ப நான் பஸ்ஸை வேகமா ஓட்டினேன்னு கூட ஒருநாள் எழுதிப் போடுவாங்க. தள்ளினாத்தான் கிளம்புது அது!"

அவள் சிரிக்காததைக் கண்டு அருகில் வந்து உட்கார்ந்தார். "அந்த ஆளு மேல கோவமா?"

"கோவம்தான். ஆனா அவரு படிவம் என் தட்டுலயே கிடக்குங்க. அப்படியே பாஸ் பண்ணா, நான் பயந்துட்டேன்னு ஆகும். கிடப்புல போட்டா, பழிவாங்கறேன்னு ஆகும். நடுவுல அந்தப் பொண்ணுக்கு மாசக் கடைசி வருது."

"இந்தப் புகாரே வரலைன்னா என்ன பண்ணியிருப்ப?"

"தப்பு எங்கன்னு கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்."

"அப்ப அதையே பண்ணு. வாயால சொல்லித்தானே வம்பாச்சு? எழுதிச் சொல்லு."

மறுநாள் காலை, வேலைக்குப் புறப்படும் முன் கண்மூடி நின்றாள். ஆண்டவனே, என் பேரைக் காப்பாற்று என்று கேட்கத்தான் நின்றாள். அந்தப் பெண்ணுக்கு இடம் தவறிப்போகக் கூடாது என்று கேட்டுவிட்டுக் கண் திறந்தாள். வேண்டுதல் சில சமயம் நம் கையை உதறிவிட்டுத் தானே நல்ல வழியில் நடந்துவிடும்.

அலுவலகத்தில் அரைத்தாள் எடுத்து எழுதினாள்: "ஒன்பதாம் கட்டத்தில் உங்கள் பிறந்த வருடத்துக்குப் பதிலாக மகளின் பிறந்த வருடம் எழுதப்பட்டுள்ளது. திருத்திக்கொண்டு எந்த வேலை நாளிலும் வரலாம். வேறு எதுவும் தேவையில்லை." கடைசி வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டாள். தேதியும் கையெழுத்தும் போட்டு, ஆறப்போடுவிடம் காட்டி, நகலைக் கோப்பில் வைத்துவிட்டு, அவருடைய படிவத்தோடு சேர்த்துத் தபாலில் அனுப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை மேல் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். அக்காவைவிட வயதில் சின்னவரான ஒரு பெண். டீ கொண்டுவந்தபோது, "விசாரிக்க வந்த இடத்துல குடிக்கறதில்லைங்க," என்று சிரித்தபடி திருப்பி அனுப்பினார். அந்த ஒன்றிலேயே அக்காவுக்குப் பாதி பயம் போய்விட்டது.

தையல்காரர் கையில் அந்தச் சீட்டோடு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"மேடம், நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். தப்பு என்மேலதான். நானும் என் பொண்ணும் ஒரே வருஷம் பொறந்ததா எழுதியிருக்கேன். வீட்டுல என் சம்சாரம் சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டுச்சு. 'அப்ப உங்க ரெண்டு பேரையும் ஒரே தொட்டில்லதான் போட்டேனா'ன்னு கேக்கறா."

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "முதல்ல உக்காருங்க. கவனிங்கன்னு சொன்னப்ப நீங்க என்ன நினைச்சீங்க?"

"போன வருஷம் வேற ஒரு ஆபீஸ்லயும் இதே சொல்லுதாங்க. அங்க அதுக்கு ஒரே அர்த்தம். இங்க வெளிய நின்னவங்ககிட்ட கேட்டேன், அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. ஏதாச்சும் குடுத்து முடிச்சிடலாம்னு எனக்கும் தோணுச்சு. பொய் சொல்லல. என் பொண்ணுதான் ஒத்தக்கால்ல நின்னா. 'நோயாளியத் தொடப்போற கைப்பா, இப்படியா தொடங்கணும்'னு கேட்டா. அதான் எழுதிப் போட்டேன்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அதிகாரி அக்காவைக் கேட்டார்.

அக்கா இரண்டு பக்கம் பதில் எழுதி வைத்திருந்தாள். பதினோரு வருடக் கதை முழுக்க அதில் இருந்தது. அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"சொன்னேங்க. ரெண்டு தடவை சொன்னேன். எதைக் கவனிக்கணும்னு மட்டும் சொல்லல. நானே ஜன்னலுக்கு வெளிய நின்னிருந்தா, எனக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்."

"அளவு சொல்லாம துணியக் குடுத்த மாதிரி," என்றார் தையல்காரர் தன்னையறியாமல். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதேதான் அண்ணே," என்றாள் அக்கா. "ஆனா வாபஸ் வாங்காதீங்க."

"ஏம்மா? உங்க பேரு கெடுமே?"

"இத்தனை வருஷத்துல அந்தப் பெட்டியில விழுந்த முதல் கடுதாசி உங்களுது. உங்களுக்கு முன்னாடி எத்தனை பேரு என்னைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு வாயத் திறக்காம திரும்பிப் போனாங்களோ! யாராச்சும் துணிஞ்சு கேக்க மாட்டாங்களான்னு நானும் நினைச்சிருக்கேன். கேட்டவரு என்மேலயே கேட்டுட்டாரு, அவ்வளவுதான். கேள்வியும் இருக்கட்டும், பதிலும் இருக்கட்டும். வாபஸ்னு எழுதினா, பயமுறுத்தி அனுப்பிட்டோம்னு அடுத்த ஆளு நினைப்பாரு."

கதவோரம் நின்ற ஆறப்போடு தொண்டையைச் செருமினார். "மேடம், அக்கா அனுப்பின மாதிரி ஒரு சீட்டு... எந்தக் கட்டத்துல என்ன குறைன்னு எழுதி, கையெழுத்தோட... மூணு ஜன்னல்லயும் குடுத்துடலாம்னு நினைக்கறேன்."

"எப்பலேருந்து?" என்றார் அதிகாரி.

"இன்னைக்கே," என்றார் அவர். இரண்டாம் ஜன்னல்காரன் எட்டிப் பார்த்து, அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பது போல விழித்தான்.

குற்றம் இல்லை, சொல்லில் தெளிவு இல்லை, இனி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதிகாரி முடிவை எழுதினார். தையல்காரர் கையெழுத்துப் போடும் முன், தானும் ஒரு வரி எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றார் அதிகாரி. நாக்கைக் கன்னத்துக்குள் துருத்திக்கொண்டு, தையல் போடுவது போல எழுத்து எழுத்தாக எழுதினார்.

"புகார் கொடுத்தேன். அது பதிவான ஏழாம் நாள் கூப்பிட்டு, உட்கார வைத்துக் கேட்டார்கள்."

அக்கா அதைப் படித்தாள். அவள் நல்லவள் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் யாரோ நெஞ்சின் மேலிருந்து பாரத்தை இறக்கி வைத்தது போல இருந்தது. தன் பேர் துலங்கியதைவிட, ஓர் ஏழை மனிதரை உட்கார வைத்துக் கேட்ட இடத்தில் தானும் வேலை பார்க்கிறோம் என்பது பெரிதாகத் தோன்றியது.

அவள் ஜன்னலுக்குத் திரும்பியபோது வரிசை நின்றிருந்தது. தையல்காரரும் திருத்திய படிவத்தோடு போய் நின்றார். இரண்டாம் ஜன்னல்காரன் அவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க இப்படி முன்னாடி வாங்க, நான் பாத்துக்கறேன்," என்று கையசைத்தான்.

"வேண்டாம் தம்பி," என்றார் அவர். "எனக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க."

முன்னால் நின்ற பெண் தோளில் தூங்கும் குழந்தையோடு திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா முதல் படிவத்தை வாங்கி, பலகைக்கு மேலே எல்லோருக்கும் தெரியும்படி வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.