படுக்கையருகே ஒன்றரை மணி நேரம்

வக்கீல்கள் பில் போடுவதற்காகத் தங்கள் நாளை ஆறு ஆறு நிமிஷமாக நறுக்கி எழுதிவைப்பார்கள். அதைப் படிப்பது என் வேலை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரே வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

எங்களுக்குப் பணம் கொடுப்பவை இன்சூரன்ஸ் கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிப் புத்தகம். ஒரே வரியில் இரண்டு வேலையைச் சேர்த்து எழுதக் கூடாது. "கோப்பைப் பார்த்தேன்" என்று மொட்டையாக விடக் கூடாது. யாரையாவது சந்தித்தால் எதற்குச் சந்தித்தோம், என்ன முடிவானது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். விதிக்குள் அடங்காத வரியை அவர்கள் பில்லிலிருந்து வெட்டிவிடுவார்கள். வெட்டுப்படாமல் அனுப்பிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வெர்னா பெல்டன் என்கிற நான்தான் அந்த ஆள்.

குறிப்பு சரியில்லையென்றால் எழுதியவரை ஃபோனில் பிடிப்பேன்.

"மார்ட்டின், செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் 'வழக்கு வேலை'ன்னு போட்டிருக்கியே, என்ன வேலை அது?"

"வெர்னா, போன மாசம் மதியம் என்ன சாப்பிட்டேன்னு கேக்கற மாதிரி இருக்கு."

"சாப்பிட்டதுக்கு நீ பில் போடல. யோசிச்சுச் சொல்லு, நான் இருக்கேன்."

முனகிக்கொண்டே நாட்குறிப்பைப் புரட்டிச் சொல்வார். சொன்னதை விதிக்கு ஏற்றபடி எழுதிக்கொள்வேன். ஞாபகமில்லை என்றால் அந்த வரியை நானே அடித்துவிடுவேன். அதற்காக என்னைத் திட்டாத வக்கீல் எங்கள் மாடியில் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் மூத்த பங்குதாரர் ஹாலிஸ் என் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "மாசம் நாலாயிரம் வரி வருது. நீ ஒருத்தி. ஒரு மென்பொருள் வாங்கியிருக்கோம். அதுக்கு நீதான் பாடம் எடுக்கணும்."

பத்து வருஷத்துக் குறிப்புகளை எடுத்தோம். வக்கீல் எழுதியது ஒரு பக்கம், நான் திருத்தியது மறு பக்கம். நான்கு மாதம் அதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். பிறகு அது தானாகவே திருத்தத் தொடங்கியது. வக்கீல் எழுதிய வரிக்குப் பக்கத்திலேயே புது வரியைக் காட்டும். அவர் பார்த்துச் சம்மதம் தர வேண்டும். ஒவ்வொன்றாகவும் தரலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தட்டாகவும் தட்டலாம். மாடியில் அதற்கு ஜூனியர் வெர்னா என்று பெயர் வைத்தார்கள்.

"சின்னவ நல்லவப்பா. கேள்வியே கேக்கறதில்ல" என்றார் மார்ட்டின், என் காதில் விழும்படி.

நூற்றுக்குப் பதினொன்றாக இருந்த வெட்டு இரண்டாகக் குறைந்தது. கேரட் கேக் வாங்கி என் பெயரை எழுதி வெட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ரஸ் டிபெட்ஸின் வழக்கு அந்தச் சமயத்தில் எங்களிடம் இருந்தது. சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டியவர். மழை நாளில் ஒரு சந்திப்பில் லாரி வழுக்கி, ஒரு பெண்ணின் காரில் மோதியது. அவள் இனி நடக்க மாட்டாள். ரஸ்ஸும் அடிபட்டுப் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார். ரஸ்ஸின் இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்காக எங்களை அமர்த்தியது. இன்சூரன்ஸ் எவ்வளவு தருமோ அதற்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணின் தரப்பு முன்வந்தது. முப்பது நாள் கெடு. அதை ரஸ்ஸிடம் சொல்லி அவருடைய விருப்பத்தைக் கேட்க வேண்டியது எங்கள் கடமை. கெடு கடந்து போயிற்று. வழக்கு ஜூரியிடம் போனது. இன்சூரன்ஸ் தருவதைப் போல நான்கு மடங்கு தீர்ப்பானது. மிச்சத்துக்கு ரஸ்ஸின் வீடும் லாரியும் பதில் சொல்ல வேண்டும்.

ரஸ் வேறொரு வக்கீலை வைத்துக்கொண்டார். அந்த வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: சமரசத்துக்கு வழி இருந்ததை என் கட்சிக்காரரிடம் யாராவது சொன்னீர்களா?

ஹாலிஸ் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். "அந்த வழக்கோட பில் நகலை அவங்க வக்கீலுக்கு முன்னாடியே அனுப்பிட்டோம். இப்போ எல்லாத்தையும் எடுத்து, இது நம்ம பதிவேடுதான்னு ஒரு கையெழுத்து போட்டுடு. வழக்கமா போடறதுதான்."

நூறு முறை போட்ட கையெழுத்து. 'இந்தக் குறிப்புகள் அந்தந்த வேலை நடந்த சமயத்திலேயே, அதை நேரில் அறிந்தவரால் எழுதப்பட்டவை' என்று அந்தத் தாள் சொல்லும். பில்லில் ஒரு வரிக்கு மட்டும் ஹாலிஸ் மஞ்சள் பூசியிருந்தார்.

'மார்ச் 9. மறுவாழ்வு மருத்துவமனையில் டிபெட்ஸுடன் சமரசம் குறித்துக் கலந்தாலோசனை. ஏற்பதில்லை என முடிவு. 1.5 மணி.'

நல்ல வரி. நோக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. எந்தக் கம்பெனியும் வெட்டாது. என்னை உறுத்தியது அதுதான். அந்த வழக்கைப் பார்த்தவள் ப்ரின் கோவல், வேலைக்கு வந்து இரண்டு வருஷமே ஆன பெண். அவள் இப்படி எழுத மாட்டாள். கடிதம் போல எழுதுவாள். 'குறித்துக் கலந்தாலோசனை' என்பது என் வார்த்தை.

மென்பொருளில் பழைய வரியைத் தேடினேன். அழிந்துபோகவில்லை.

'டிபெட்ஸைப் பார்க்க மருத்துவமனை போனேன். அறுவைக்குப் பிறகு மருந்து மயக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறந்தார், மூடினார். கூடவே உட்கார்ந்திருந்தேன். எதுவும் பேச முடியவில்லை. அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். 1.5.'

ப்ரின்னைத் தேடிப் போனேன். அவள் மேசையிலேயே சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மார்ச் ஒன்பது, டிபெட்ஸ்கிட்ட பேசினியா?"

"பேசினேனே. பில்லுலயே இருக்கே. ஹாலிஸ் நேத்து காட்டினார்."

"பில்லை விடு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்குன்னுதான்... ஜன்னல் ஓரம் கட்டில். அவர் வேண்டாம்னுட்டார்." அவள் பொய் சொல்லவில்லை. அந்த வரியைப் படித்துப் படித்து அப்படியே நம்பியிருந்தாள்.

நான் பழைய வரியை அவள் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தாள். சாண்ட்விச்சைத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தாள்.

"மறுபடி போகவே இல்ல" என்றாள். "அந்த வாரம் பாஸ்டன் வழக்கு வந்துடுச்சு. மாசக் கடைசில பாத்தா அறுபது வரி இருந்தது. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தட்டு தட்டிட்டேன், வெர்னா. எல்லாரும் அப்படித்தானே தட்டறாங்க?"

"கடிதம் போட்டியா அவருக்கு?"

"போட்டேன். லாரி ஷெட் முகவரிக்கு. அவர் படுத்ததுல இருந்து அந்த ஷெட் பூட்டிக் கிடந்திருக்கு. அப்போ எனக்குத் தெரியல."

அவளைத் திட்ட வாய் எழவில்லை. வக்கீல் எழுதியதையும் நான் திருத்தியதையும்தான் அந்த மென்பொருளுக்குக் கொடுத்திருந்தேன். நடுவே நான் ஃபோனில் கேட்டதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. நான் அடித்துவிட்ட வரிகளையும் வீண் என்று ஒதுக்கிவிட்டேன். 'கூட உட்கார்ந்திருந்தேன்' என்று இருந்தால் 'கலந்தாலோசனை' என்று மாற்ற வேண்டும், முடிவு இல்லாவிட்டால் ஒரு முடிவு சேர்க்க வேண்டும் என்று அது என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தது.

ஹாலிஸ் இரண்டு வரிகளையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் இது தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"இந்தக் கம்பெனிக்கு நாம முன்னூறு வழக்கு பாக்கறோம், வெர்னா."

"தெரியும்."

"நீ வக்கீல் இல்ல. பதிவேட்டைப் பாத்துக்கற ஆள். பதிவேடு சொல்றதுக்கு மட்டும் கையெழுத்து போட்டாப் போதும்."

"பதிவேடு ரெண்டு விதமா சொல்லுது, ஹாலிஸ். ரெண்டும் சேர்ந்து போனா கையெழுத்து போடறேன். ஒண்ணு மட்டும்னா வேற ஆளைப் பாருங்க."

"யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிச்சிருந்தா இப்படிச் சொல்ற தைரியம் வந்திருக்காது."

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அலுவலகத்தின் ஒழுங்குமுறையைப் பார்க்கும் வெளி வக்கீலை அழைத்தார். மறுநாள் இரண்டு வரிகளும் என் கையெழுத்தோடு சேர்ந்தே போயின. இதை அவருக்காகவும் சொல்ல வேண்டும். மறைக்க நினைத்திருந்தால் அவருக்கு வழி இருந்தது.

நான்கு மாதம் இழுபறி. சமரசத்தை ரஸ்ஸிடம் யாரும் சொல்லவே இல்லை என்று ஆனதால், கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனி தீர்ப்பு முழுவதையும் தானே கட்டியது. கையோடு முன்னூறு வழக்கையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. பதினான்கு பேருக்கு வேலை போயிற்று, இரண்டாவது பட்டியலில் நானும் இருந்தேன். ப்ரின் முதல் பட்டியல் வருவதற்கு முன்பே போய்விட்டாள். மென்பொருள் இன்னும் ஓடுகிறது என்று கேள்வி. ஒரே தட்டில் சம்மதம் தரும் வசதியை மட்டும் எடுத்துவிட்டார்களாம். அது எழுதிய மற்ற வரிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்க்கத் தொடங்கினேன். நானூறு வரி பார்ப்பதற்குள் என் கடைசி நாள் வந்துவிட்டது.

அந்தக் கடைசி வாரத்தில் நடீன் டிபெட்ஸ் கடைசிப் பத்திரங்களில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். ரஸ்ஸின் மனைவி, பள்ளி உணவுக்கூடத்தில் வேலை. ரஸ் பிப்ரவரியிலேயே இறந்துவிட்டிருந்தார். கீழே வரவேற்பறையில் என் கழுத்து அட்டையைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"பெல்டன்னா, அந்தக் கையெழுத்து போட்டது நீங்கதானா?"

"ஆமா. நான்தான்."

நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவமானம்தான், ஆனால் நினைத்தேன்.

"முதல்ல வந்த பில்லை எனக்கும் காட்டினாங்க" என்றாள். "ஏற்பதில்லைன்னு இவரே முடிவு பண்ணினதா அதுல இருந்தது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வீட்டையே பணயம் வச்சிருக்கார்னு நினைச்சேன். நான் அப்படிச் செய்யவே இல்லன்னு அவர் தலையில அடிச்சுச் சொன்னார். நான் நம்பல. அச்சடிச்ச தாள், தேதியோட இருக்கு, எப்படி நம்பறது? அப்புறம் அவரே நம்ப ஆரம்பிச்சுட்டார். மருந்து மயக்கத்துல சொல்லியிருப்பேன் போல, மன்னிச்சுடுன்னு அழுதார். நான் மன்னிக்கல. உங்க ரெண்டாவது தாள் வந்தப்போ அவர் போய் ஒன்பது நாள் ஆயிருந்தது."

"அந்த முதல் வரில இருக்கறது என் வார்த்தைங்க" என்றேன். "மெஷின்தான் எழுதிச்சு. ஆனா சொல்லிக்கொடுத்தது நான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, களைப்பா, தெரியவில்லை.

"என் பையன் வேட் இன்னும் அப்பாவைத் திட்டிட்டிருக்கான். வக்கீல் தாளைக் காட்டினா, இவங்க எது வேணாலும் எழுதுவாங்கம்மாங்கறான். நீங்க உங்க கையால எழுதிக் குடுங்க. அவனுக்குப் புரியற மாதிரி."

வரவேற்பு மேசையில் தாளும் பேனாவும் கேட்டு வாங்கினேன். இருபத்திரண்டு வருஷம் பிறர் வரிகளைத் திருத்தியவளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்தேன். கடைசியில், உன் அப்பா அன்று எதுவும் சொல்லவில்லை, அவரால் பேசவே முடியவில்லை, அவர் முடிவு செய்ததாக வந்தது எங்கள் தவறு என்று எழுதி, என் பெயரை முழுதாகப் போட்டேன்.

நடீன் நின்றபடியே படித்தாள். "நம்புவானான்னு தெரியல" என்றாள். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்தும் கட்டணம் தள்ளுபடியாக அந்தச் சீட்டில் எங்கே முத்திரை போடுவார்கள் என்று காவலாளியிடம் கேட்கப் போனாள்.