சாரங்கபாணி வரவழைத்த சர்வேயர்

நன்னிலத்துக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் வைத்திருக்கும் சாரங்கபாணி, இருபது வருஷம் துபாயில் சூப்பர்வைசராக இருந்தவர். யாரையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது அவருக்கு மட்டும்தான் உண்டு.

பக்கத்து ஒரு ஏக்கர் காத்தாயியுடையது. முன்பு அவர் வயலில் நாற்று நட்டவள், இப்போது சொந்த நிலத்தில் நடுகிறாள். "உங்க மோட்டார் கொட்டகை என் இடத்துல ஏறி நிக்குது, கொஞ்சம் பாருங்க" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை டீக்கடை வாசலில் நாலு பேர் இருந்ததால் இவருக்கு வீரம் வந்துவிட்டது.

"நானே சர்வேயரக் கூட்டிட்டு வர்றேன். ஊரே வந்து பாக்கட்டும்."

"அப்படியே செய்யுங்க" என்றாள் காத்தாயி. அவள் முகத்தில் தெரிந்தது பயம் என்று எடை போட்டார்.

மனு எழுதியது அவர். தேதி வாங்கியது அவர். பத்துப் பேருக்குச் சொல்லி அனுப்பியதும் அவரே. "நெலத்துப் படத்த ஒரு தடவ பாத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி தர்மாம்பாள்.

"காத்தாயிக்காகப் படம் பாக்கணுமா? நீ சட்டைய இஸ்திரி போடு, போதும்."

சர்வேயர் வரப்போரக் கல்லில் டேப்பை வைத்தார். காத்தாயி குனிந்து பார்த்தாள்.

"சார், இது இவங்க பிற்பாடு நட்ட கல்லு. சர்க்கார் கல்லு அந்தப் பனைமரத்தடியில புதைஞ்சு கெடக்கு."

பையிலிருந்து படத்தின் நகலை எடுத்து ஒவ்வொரு கோட்டின் நீளத்தையும் வாசித்தாள். அப்போதுதான் சாரங்கபாணிக்கு உறைத்தது. நூறு நாள் வேலையில் ஒன்பது வருஷமாகக் குளத்தையும் வாய்க்காலையும் டேப் பிடித்து அளக்கிற பொறுப்பாளர் இவள்தான். தினமும் அந்த வழியாகத்தான் இவர் பைக்கில் போவார்.

தோண்டினார்கள். கல் இருந்தது. அளந்தார்கள். பாதிக் கொட்டகையும், மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் நின்றிருந்த இடமும் காத்தாயிக்குப் போயின.

பத்துப் பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். இத்தனை பேரைக் கூப்பிட்ட மடையன் யார் என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. பதில் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

"என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார். அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

"அறுப்பு வரைக்கும் கொட்டகை நிக்கட்டும். பயிரு காயக்கூடாது. அளந்த தாள்ல கையெழுத்த மட்டும் இப்பவே போட்டுடுங்க."

போட்டார். பேனாவும் அவளுடையதுதான்.

தை அறுப்பு முடிந்ததும் கொட்டகையைப் பிரித்தார். புது இடத்தில் குச்சி அடிக்கும் முன்னால் காத்தாயியை வரச் சொன்னார். அவள் டேப்பை நீட்டி, "ரெண்டடி உள்ள தள்ளிப் போட்டுக்குங்க" என்றாள்.

சாரங்கபாணி மூன்றடி தள்ளிப் போட்டார்.