அரிசி இருக்கும் திசை

1

இந்தக் கதை எனக்குக் குழாய் வழியாக வந்தது. விளக்கமாகச் சொன்னால், வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தண்ணீருக்குப் பதில் கதை வந்தது.

“இன்ஜினியர் சாப்பிடப் போயிருக்கார். லைன்ல இருக்கீங்களா?” என்றார் டெலிபோன் ஆபரேட்டர். இருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், “நோய் வந்து ஊரே மூடிக் கிடந்தப்பகூட எங்க தெருவுல தண்ணி நிக்கலீங்க” என்று புலம்பினேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

“அப்ப நான் மளிகை வாங்கப் போன கதையைக் கேட்டா தண்ணியையே மறந்துடுவீங்க.”

மறந்துவிட்டேன். இன்ஜினியர் சாப்பிட்டுத் திரும்பிய பிறகும் ஆபரேட்டர் லைன் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. எழுத அனுமதி கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எழுத எழுதப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆகவே அவருடைய குறுக்கீடுகள் இதில் அடைப்புக்குறிக்குள் அங்கங்கே வரும். மரியாதையாக ‘அவர்’ என்றே எழுதத் தொடங்கினேன். [“கதைக்குள்ள ‘அவள்’னே போடுங்க. ‘அவர்’னா யாரோ என் மேலதிகாரி மாதிரி இருக்கு.”]

முதல் தொடக்கம்: ஊரடங்கிய ஒரு காலையில், வெறிச்சோடிய தெருவைப் பார்த்தபடி அவள்

பார்த்தபடியா? நிறுத்தினேன்.

இரண்டாம் தொடக்கம்: இருளை மட்டுமே அறிந்த அவளுக்கு, அன்று [“இருட்டுனு யார் சொன்னா? இருட்டு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே. அடிச்சிடுங்க.”]

அடித்துவிட்டேன்.

மூன்றாவது: வீட்டில் அரிசி தீர்ந்தது. [“ஆங். மேல சொல்லுங்க.”]

2

வீட்டில் அரிசி தீர்ந்தது. பருப்பு டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று வெறுமையாகச் சத்தம் வந்தது. மகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால் மாவு, ஸ்பூன் அடியில் உரசும் அளவுக்கு வந்துவிட்டது.

அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். காய்ச்சலும் இருமலும் வந்ததிலிருந்து பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். வாசலில் ஸ்டூல் போட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகுதான் கதவு திறக்கும். அதுவரை மளிகைக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள். அவன் தள்ளுவண்டியைத் தள்ள, அவள் அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எடுத்து, தடவி, மோந்து, “இது வேண்டாம், அது” என்று தேர்ந்தெடுப்பாள்.

கடைக்குப் போன் போட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். போட்டாள். எப்போது போட்டாலும் எங்கேஜ்டு. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கிறவளுக்கு ஒரு மளிகைக்கடை லைன் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது.

“நான் போய்ட்டு வரேம்மா” என்றார் மாமனார். ஒரு காலத்தில் நிறையப் புகைபிடித்தவர். மாடிப்படி ஏறினாலே நெஞ்சு விசில் அடிக்கும்.

“உங்க நெஞ்சு இருக்கிற லட்சணத்துக்கு நீங்க வாசப்படி தாண்டினீங்கன்னா உங்க புள்ளை என்னைக் கொன்னுடுவாரு மாமா.”

“அப்ப நான் வரேம்மா” என்றாள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். குழந்தைகளைக் கடைக்குள் விட மாட்டார்கள். அதுவும் இல்லையென்று ஆயிற்று.

கதவுக்குப் பின்னாலிருந்து கணவன் கேட்டான். “தனியாவா போறே?”

“வழி தெரியும்ல.”

“வழி தெரியும். கடைக்குள்ள என்ன பண்ணுவே? இப்ப யாரும் கை குடுக்க மாட்டாங்கடி.” இருமல் வந்து பேச்சை விழுங்கியது. அடங்கியதும் மெதுவாகச் சொன்னான். “நானே குடுக்க முடியல.”

அவள் கதவில் உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பக்கம் அவனும் வைத்திருந்தான் என்று நான் எழுதினேன். [“அது எனக்கு எப்படித் தெரியும்? சினிமா காட்டாதீங்க.”] சரி. அவள் கதவில் கையை வைத்தாள். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது தெரியாது.

3

தெருவில் இறங்கியதும் திகைத்து நின்றுவிட்டாள்.

நமக்கு வெறிச்சோடிய தெரு என்றால் சுலபமான தெரு. அவளுக்கு நேர்மாறு. ஓடுகிற வண்டிகளின் இரைச்சலை வைத்துத்தான் சாலை எந்தப் பக்கம், திருப்பம் எங்கே என்று அவள் கணக்குப் போடுவாள். இரைச்சல் அத்தனையும் போய்விட்டது. “கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரினு சொல்வீங்கல்ல, அது என்னன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது” என்றாள், போனில், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே.

நடைபாதை விளிம்பைக் குச்சியால் தட்டித் தட்டி நடந்தாள். நடக்க நடக்க அந்த அமைதிக்குள்ளிருந்து வேறொரு ஊர் எழுந்து வந்தது. எங்கோ மாடியில் யாரோ தம்ளரில் ஸ்பூன் போட்டுக் கலக்குகிறார்கள். பூட்டிய பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் மோதி டிங், டிங் என்கிறது. சாக்கடை மூடிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. எத்தனை வருஷம் வேலை பார்க்கிறாள் குடிநீர் அலுவலகத்தில்! இந்தத் தெருவுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டாள். ஊர் இவ்வளவு நாளும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைக் கேட்க விடாமல் நாம்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

(இடையில் ஒரு வார்த்தை. அவளைப் பற்றி எழுதும்போது ‘பார்’ என்கிற சொல்லே வரக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். முடியவில்லை. தொட்டுப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், கேட்டுப் பார்த்தாள், நடந்து பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து நீட்டுகிறது. மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு? நான் தினமும் சீரியல் பார்க்கிறேனே” என்றாள். விரலால், மூக்கால், காலால், நாக்கால் செய்கிற எல்லாவற்றையும் பார்ப்பது என்றே சொல்லிவந்த ஒரு மொழியில், கண் மட்டும்தான் பார்க்கும் என்று இத்தனை நாள் நான் எப்படி நம்பினேன்?)

4

கடை வாசலில் வரிசை. ஆள் நிற்க வேண்டிய இடத்தையெல்லாம் தரையில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்களாம். அவள் குச்சி யாருடைய குதிகாலிலோ பட்டது.

“யோவ், தள்ளி நில்லு!” என்று ஒரு கட்டைக்குரல் துள்ளித் திரும்பியது. பிறகு சத்தமே இல்லை. குச்சியைக் கவனித்திருப்பார்.

“எவ்வளவு தள்ளினு சொல்லுங்க, தள்ளிக்கிறேன்” என்றாள்.

“ஐயோ, தங்கச்சி. மன்னிச்சுக்கம்மா.” கட்டைக்குரல் கரைந்துவிட்டது. “ரெண்டு எட்டு பின்னால. அவ்வளவுதான். நில்லு. வரிசை நகரும்போது நான் சொல்றேன்.”

சொல்லிக்கொண்டே வந்தார். வாசல் வந்ததும், “நீ முன்னால போம்மா” என்று அவளை விட்டுவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். வாசலில் காவலாளி அவளுடைய கையில் மருந்து ஊற்றி, கூடையைக் கொடுத்து, சட்டம் சொன்னார். கூட யாரும் போகக் கூடாது. காய்கறியைத் தொடக் கூடாது. எப்போதும் கை கொடுத்து அழைத்துப் போகும் கடைப்பெண் எங்கே என்று கேட்டாள். “அந்தப் பொண்ணும் காய்ச்சல்ல படுத்திருக்குங்க.”

உள்ளே போய் நின்றாள்.

இந்த இடத்தை நான் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றிலும் மனிதர்கள். செருப்புகள் நகர்கின்றன, கூடைகள் உரசுகின்றன, துணிக்குப் பின்னால் மூச்சுகள். அவள் இருக்கும் பக்கம் வரும்போது மட்டும் எல்லாமே வளைந்து விலகிப் போகின்றன. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு மாமனார் இருக்கிறார், எல்லோர் வீட்டிலும் ஒரு மகள் இருக்கிறாள். ஒரு முழங்கை அப்போது என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆகையால் அவள் கையை நீட்டவில்லை.

குரலை நீட்டினாள்.

ஆபரேட்டர் குரல். கரகரக்கும் லைனிலும் தெளிவாகப் போய்ச் சேரப் பழகிய குரல்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கண் தெரியாது. வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல, அதனால தனியா வந்திருக்கேன். யாரும் என்னைத் தொட வேண்டாம், பக்கத்துலகூட வர வேண்டாம். நீங்க இருக்கிற இடத்துல இருந்தே பேசினா போதும். எனக்கு முதல்ல அரிசி வேணும்.”

கடை நின்றுவிட்டது. செருப்பு, கூடை, எதுவும் அசையவில்லை. குளிர்ப்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைத்தாள்.

அப்புறம், தூரத்தில், இடது மூலையிலிருந்து ஒரு பெண் குரல்:

“அரிசி இங்க இருக்குங்க. நான் இங்கேயே நிக்கிறேன். என் குரல் பக்கமா வாங்க.”



நடந்தாள். “நேரா… நேரா… அங்க ஒரு தூண் இருக்கு, வலது பக்கம் ஒதுங்குங்க…” இது வேறு குரல். ஒரு ஆண். “இப்ப இடது. ஐயய்யோ, என் இடது இல்லீங்க, உங்க இடது!” தடாலென்று ஒரு டப்பாக் கோபுரம் சரிந்து, தகரடப்பாக்கள் கடையின் நான்கு மூலைக்கும் உருண்டோடின. பிறகு யாரோ பக்கென்று சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. நோயைத் தவிர வேறெதுவும் தொற்றாத அந்தக் காலத்தில் ஒரு கடை முழுக்கச் சிரிப்புத் தொற்றியது. அவளும் சிரித்தாள். காவலாளியும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. “பருப்புகிட்ட நான் நிக்கிறேன்மா!” “முட்டை இந்தப் பக்கம்.” “அந்தப் பருப்பை எடுக்காதீங்க, எத்தனை விசில் விட்டாலும் வேகாது, அதுக்கு மேல் தட்டுல இருக்கிறது நல்லது.” “யார் சொன்னா வேகாதுனு? நாங்க அதான் வாங்குறோம்.” “உங்க வீட்ல பல்லு கெட்டி போல.” உருளைக்கிழங்கை அவள் தொட முடியாதென்பதால் ஒரு பெண் தள்ளி நின்று ஒவ்வொன்றாக வர்ணித்தாள். “இது முளை விட்டிருக்கு. இதுல பச்சை. இது குழந்தை கன்னம் மாதிரி இருக்கு, இதைப் போடச் சொல்றேன்.” கடைக்காரர் கையுறை போட்டு எடைபோட்டு வைத்தார்.

முகத்தின் பாதி துணிக்குள் போய்விட்டதால், அந்த நாட்களில் தெரிந்தவர்களே ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அன்று அந்தக் கடையில் எல்லோரும் வாய்விட்டுப் பேசியதில், “அட, நீயா!” என்று இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டதையும் அவள் கேட்டாள்.

5

பால் மாவு தீர்ந்துவிட்டது.

“காலிம்மா. கடைசி டப்பா இப்பத்தான் போச்சு” என்றார் கடைக்காரர். அவள் “பரவாயில்லைங்க” என்றாள். பரவாயில்லாமல் இல்லை. குரல் லேசாக உடைந்ததை அவளாலேயே மறைக்க முடியவில்லை. பால்காரர் வருவது நின்று எவ்வளவோ நாளாயிற்று, மகள் வேறெதையும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அவள் திரும்பி, பில் போடும் பக்கமிருந்து வந்த குரலை நோக்கி நகர்ந்தாள். அப்போது கைக்கு மிக அருகில் காற்று அசைந்தது. சோப்பு வாசனை. கூடை சட்டென்று கனத்தது.

“யாருங்க?”

பதில் இல்லை. செருப்புச் சத்தம் விலகிப் போனது. கையை விட்டுத் துழாவினாள். தகர டப்பா. குளிர்ந்த மூடி. உள்ளே மாவு சரியும் மெத்தென்ற அசைவு.

6

வெளியே வந்தபோது கட்டைக்குரல் காத்திருந்தது. “தங்கச்சி, நேரா வா. அடுத்து நிக்கிறவங்க சொல்லுவாங்க.” வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தங்கள் வட்டத்தை விட்டு அசையாமல், அவளை அடுத்தவர் குரலிடம் ஒப்படைத்தார்கள். “வாங்க.” “வாங்க.” “பள்ளம், பார்த்து.” “வாங்கக்கா.” தெருமுனை வரைக்கும் ஒருவர்கூட அவளைத் தொடவில்லை. கூட்டத்தில் கைபிடித்து நடந்த எந்த நாளிலும் இப்படித் தாங்கப்பட்டதில்லை என்றாள்.

வீட்டில் பையை இறக்கி, கை கால் கழுவி, பின்னறைக் கதவருகே போய் நின்றாள்.

“யாரு கூட்டிட்டுப் போனா?” என்றான் கணவன்.

“எல்லாரும்.”

“எல்லாரும்னா?”

“கடை முழுக்க.”

அவனுக்கு நம்பிக்கையில்லை. முதலிலிருந்து சொன்னாள். உருண்ட டப்பாக்களைச் சொன்னபோது உள்ளே சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

அதன் பிறகு அவனுக்கு மோசமானது. கதவோரம் உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமனாரும் எழுந்து போகவில்லை. எந்த மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வராமல் போகுமோ என்று பயந்த நாட்கள் அவை. அதை விரித்து எழுதினேன். [“வேண்டாம். அது எங்க வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.”]

காய்ச்சல் இறங்கியது. ஒரு காலை, அவள் ஸ்டூலில் கஞ்சியை வைத்துவிட்டு நகர்வதற்குள் கதவு திறந்தது. அவள் பின்வாங்கினாள். “டாக்டர் சரின்னுட்டார்” என்றான். முழங்கையை நீட்டினான். இளைத்துப் போன முழங்கை, எலும்பு தெரிய. பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு எங்கும் போகவில்லை. அங்கேயே நின்றார்கள்.

7

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பால் மாவு ஆள் வேண்டும்.

அது கட்டைக்குரல்தான் என்று ஒரு முடிவு எழுதினேன். [“அவர் வெளியில வரிசையில இருந்தாரு. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல எப்படி இருப்பாரு?”] காவலாளி என்று எழுதினேன். [“அவர் மேல பீடி வாசனை.”] தன் குழந்தைக்கென்று எடுத்த கடைசி டப்பாவை அவள் கூடையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நடந்துபோன ஒரு இளம் தகப்பன் என்று, கண் கலங்கக் கலங்க எழுதினேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “ஆனா அவங்க பேசலைங்க. எல்லாரும் பேசின கடையில ஒரே ஒருத்தர் பேசல. பேசக் கூடாதுனு முடிவு பண்ணித்தானே கிட்ட வந்திருப்பாங்க? அவங்களுக்கு நீங்க குரல் குடுக்காதீங்க.”

கொடுக்கவில்லை. அந்தத் தகப்பனை அடித்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு வைக்கவில்லை. பயம் காற்றில் இருந்த நாட்களில், யாரோ ஒருவர் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டுப் போனார் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்களிடம் ஏதாவது முடிவு இருந்தால், பேர் சொல்ல வேண்டாம், பேசவும் வேண்டாம். கூடையில் வைத்துவிட்டு நகர்ந்து போங்கள்.