டேங்க் நிறையச் சீர்

காங்கேயத்துத் திருமூர்த்திக்கு ஒரே அக்கா. அந்த அக்காவுக்கு ஒரே மகள் மோகனப்பிரியா. அவளை மடியில் உட்கார வைத்துக் காது குத்தினவர் தாய்மாமன் திருமூர்த்திதான். கல்யாணத்துக்குப் பட்டு எடுத்ததும் அவர்தான். இப்போது முப்பத்திநாலு வயதில், கோயமுத்தூர் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அவள் ஒரு சிவப்புக் கார் வாங்கிவிட்டாள். காருக்கு மாமன் என்ன சீர் செய்வது? ரெண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கார் சந்தைக்கும் விசேஷத்துக்கும் போய்வருகிற கார் இல்லை, கண்ணுகளா. டர்போ வைத்தது, மிதித்தால் பாயும். ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூருக்கு வெளியே இருக்கிற ரேஸ் ட்ராக்கில் பெண்களுக்கு ஒரு போட்டி. ஒவ்வொருத்தியாகத் தனியே ஓட்ட வேண்டும். ஒரு நிமிஷம் இருபது விநாடிக்குள் ஒரு சுற்று முடித்தால், அடுத்த மாசம் சென்னையில் நடக்கிற பெரிய போட்டியில் இடம். போன வருஷம் தோழி காரில் ஓட்டி, அரை விநாடியில் கோட்டை விட்டாள் மோகனப்பிரியா. அந்த அரை விநாடி வருஷம் முழுக்க அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை காரைக் காட்ட காங்கேயம் போனாள். மாமா சாவியை வாங்கிக்கொண்டு சிவன்மலை அடிவாரத்துக்குப் போய், பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றித் திரும்பினார். அடிமட்டத்தில் கிடந்த பெட்ரோல் முள் உச்சியில் நின்றது.

"நம்ம பங்காளி தனபாலு பங்க்ல கழுத்து வரைக்கும் ஊத்திப்போட்டேன் அம்மணி. மாமன் சீரு!"

"எந்தப் பெட்ரோலுங் மாமா?"

"எந்தப் பெட்ரோலா? பெட்ரோல்தான். துளி கலப்படம் இருக்காது."

பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் பெரிசாக எழுதியிருந்தது: குறைந்தது 95 ஆக்டேன். தனபால் பங்க்கில் 91 மட்டும்தான். வாய் வரை வந்த பேச்சை அவள் முழுங்கிக்கொண்டாள். சீரை யாராவது குறை சொல்லுவார்களா?

போட்டியைப் பார்க்க மாமாவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பல்லடம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்துவதற்கு அழுத்தினாள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோல ஒரு சத்தம்.

"கல்லு மாட்டிக்கிச்சு கண்ணு, ஓரங்கட்டு." மாமா வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டோரம் குனிந்து நாலு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். கல்லைக் காணோம்.

உக்கடத்தில் ஹுமேராவின் ஒர்க்‌ஷாப். இந்த மாதிரிக் கார்களுக்கு அவள் கைதான் என்று பேர். லேப்டாப்பை மாட்டி, மிதிக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டாள்.

"யாருக்கா தொண்ணூத்தொண்ணு ஊத்துனது? இன்ஜின் பயந்து தன்னைத்தானே அடக்கிக்குது. இப்படியே போனா நாளைக்கு ரெண்டு விநாடி போயிரும். மொத்தத்தையும் எறக்கிட்டு வேற போடலாம்."

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "என்ற சீரைக் கீழ ஊத்தறீங்களா? கலப்படம்னு யாரு சொன்னா? இரு, தனபாலைக் கூப்படறேன்."

"ஐயா, ஐயா, போனை வைங்க. உங்க பெட்ரோல் சுத்தமானதுதான்." ஹுமேரா அவரை உட்கார வைத்தாள். "கல்யாணப் பந்தியில இலை போட்டதும், பாயசம் வர்றதுக்குள்ள அப்பளத்தைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருப்பாரே ஒருத்தர், பார்த்திருக்கீங்களா?"

"எங்க ஐயாசாமி சித்தப்பன்! சாமி கும்பிடறதுக்குள்ள ஜாங்கிரியக் காணாமப் பண்ணிப்போடுவான்."

"அவர்தான் தொண்ணூத்தொண்ணு. இந்த டர்போ காத்தை அப்படியே அமுக்கித் திணிக்கும். அந்த அழுத்தத்துலயும் தீப்பொறி வர்ற வரைக்கும் பெட்ரோல் பொறுக்கணும். உங்களுது முந்திக்கிட்டு வெடிக்குது, அதான் அந்தச் சத்தம். நம்பர் கூடக் கூடப் பொறுமை கூடும். பலம் கூடாது."

மாமா கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "அப்ப இது அவசரக்காரன். அயோக்கியன் இல்ல."

"அயோக்கியனே இல்லீங்க."

மோகனப்பிரியா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் போயிருந்தது, ஆனால் முகம் வாடித்தான் கிடந்தது. "ஹுமேரா, பாதியை எறக்கிட்டு, பாதிக்கு நூறு போட்டா?"

"கணக்குக்குத் தொண்ணூத்தஞ்சரை வரும். ஆனா அளவு கொஞ்சம் பிசகினாலும் அந்தச் சத்தம் திரும்பி வரும், அரை விநாடி மறுபடி போயிரும். மொத்தமும் எறக்குறதுதான் நிச்சயம். போட்டி உன்னோடது, நீ சொல்லுக்கா."

மாமா சட்டென்று, "எறக்கிப்போடு கண்ணு, நான் ஒண்ணும் நெனைக்கல" என்றார்.

சொல்லிவிட்டு ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அதனாலேயே அவள், "பாதி" என்றாள்.

பின் சீட்டைத் தூக்கி, குழாய் போட்டு, லிட்டர் லிட்டராக அளந்து இறக்கினார்கள். மாமாவே பக்கத்தில் நின்று எண்ணினார். எண்ணிக்கை தப்பியதாகச் சந்தேகம் வந்து ஒரு தடவை மறுபடியும் அளக்க வைத்தார். இறக்கினதை அந்தச் சந்தில் இருந்த மொபெட்டும் ஸ்கூட்டரும் குடித்துக்கொண்டன. பிறகு அவிநாசி ரோட்டுக்குப் போய் நூறு நம்பர் பெட்ரோல் போட்டு நிரப்பினார்கள்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் அவள் முறை வந்தது. முதல் திருப்பம் தாண்டி, நேர்ப்பாதையில் காலை முழுசாக அழுத்தினாள். காதை இன்ஜினிலேயே வைத்திருந்தாள். கூழாங்கல் சத்தம் எந்த நொடியிலும் வரலாம். ரெண்டாவது திருப்பம், மூணாவது. வரவில்லை. ஒரே சீரான இரைச்சல், அருவி மாதிரி. அதற்கப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டு ஓட்ட ஆரம்பித்தாள்.

பலகையில் எழுதினார்கள்: ஒரு நிமிஷம், பத்தொன்பது புள்ளி மூணு விநாடி.

ட்ராக்குக்கு வந்திருந்த ஹுமேரா கத்தின கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாமா மட்டும் குழப்பமாக நின்றார். "முன்னாலயும் ஒருத்தியும் இல்ல, பின்னாலயும் ஒருத்தியும் இல்ல. யாரைக் கண்ணு ஜெயிச்சே?"

"கடியாரத்தைத்தானுங் மாமா. சென்னைக்குப் போறேன்!"

அப்போதுதான் அவர் முகம் விரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தார். பிறகு ஹுமேரா பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஏம்மணி, அந்த நூறை என்ற மொபெட்ல ஊத்துனா?"

"ஒண்ணும் ஆகாதுங்கய்யா. அதுக்குத் தொண்ணூத்தொண்ணே போதும்."

"கொஞ்சங்கூட வேகம் வராதா?"

"வராதுங்க."

மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். உடனே போனை எடுத்து, ட்ராக்கே கேட்கிற மாதிரிப் பேசினார். "டேய் தனபாலு, புள்ள ஜெயிச்சுப்போட்டா! நீ எப்பத்தான் தொண்ணூத்தஞ்சு வெப்பே? அடுத்த மாசம் சென்னைக்கு நானும் வாரேன்னு சொல்லிப்போட்டேன். வழியில எந்த ஊர்ல எந்தப் பங்க்ல அது கிடைக்கும்னு வெசாரிச்சு வையி."

மோகனப்பிரியா கார்மேல் சாய்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.