வயிற்றுப் புண் என்று சொன்னோம்

எங்கள் மன்சூரா ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்தக் கெட்டது" என்போம். என் தம்பி ஷுக்ரிக்கு இரைப்பையில் அது வந்ததும், பெரியண்ணன் இஸ்ஸத் எங்களைக் கூட்டிவைத்துச் சத்தியம் போட்டுவிட்டார்.

"அவனுக்கு வயித்துப் புண்ணு, அவ்வளவுதான். எவளாவது நிஜத்தைச் சொன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

ஆம்பளைக்குக் கோபம் வந்தால் இங்கே பெண்டாட்டி தலையில்தான் சத்தியம். அண்ணி வஃபா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மருத்துவர் ஈனாஸ் என்னிடம்தான் விளக்கினார். "எல்லாக் கட்டியும் கேன்சர் இல்லம்மா. சதையைக் கிள்ளி சோதிச்சோம், இது கேன்சர்தான். பக்கத்து நெறிக்கட்டி வரைக்கும் வந்திருக்கு, தூரமா பரவல. முதல்ல கீமோ குடுத்துச் சுருக்குவோம், அப்புறம் ஆபரேஷன். ஆனா சுருங்குறது வேற, ஒழியுறது வேற. பாதியில விட்டா மிஞ்சினது பரவும்."

கீமோவை அவனிடம் புண்ணுக்கான ஊசி என்றோம். வாந்தியெடுத்தே துரும்பானான். பிறகு வலி குறைந்தது. ரொட்டியும் அவரைக்கொட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வீடே கொண்டாடியது, நான் மட்டும் அவனை ஆபரேஷனுக்குக் கூப்பிட்டேன்.

"புண்ணு ஆறிடுச்சுக்கா. ஆறின புண்ணை எவனாவது அறுப்பானா? உன் டாக்டரம்மாவுக்கு வேற வேலை இல்ல," என்று சிரித்துவிட்டு மைக்ரோபஸ் வேன் ஓட்டப் போய்விட்டான்.

புண் என்றால் அவன் சொன்னதுதானே நியாயம்! அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன். "சொல்லிடலாம்ண்ணே, அவன் ஆபரேஷனுக்கு வரமாட்டேங்குறான்."

"சொல்லு. உன் அண்ணி நாளைக்கே பொறந்த வீட்டுக்குப் போகட்டும்."

நான் என்ன செய்வேன்? அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

கோடை முடிவதற்குள் ஷுக்ரியின் கண்கள் மஞ்சளாயின. ஸ்கேனைப் பார்த்த ஈனாஸ் நிமிரவே இல்லை. "கல்லீரலுக்குப் போயிடுச்சு. இனி அறுத்து எடுக்க முடியாது. கொஞ்ச நாள் அடக்கி வைக்கலாம், குணப்படுத்த முடியாது."

வீட்டில் ஷுக்ரி என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஏன்க்கா, வயித்துப் புண்ணு கண்ணை மஞ்சளாக்குமா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தரையைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து வஃபா அண்ணி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேன்சர்ப்பா. முதல்லேர்ந்தே கேன்சர்தான். எனக்குத் தலாக் ஆனா ஆகட்டும்."

அண்ணன் அசையவில்லை. ஷுக்ரி அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"சொல்லியிருந்தா, வாந்தியோட வாந்தியா ஆபரேஷனுக்கு வந்திருப்பேனே அண்ணி."